மஞ்சள் வெல்லத்தின் விலையை யார் கொடுப்பது?

மார்கழி பிறந்துவிட்டால் வெல்லத்துக்குக் கிராக்கி. கூடாரவல்லிக்கு அக்காரவடிசல், தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் மண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் முன்வரிசைக்கு வரும். அதே வாரங்களில் ஆண்டு தவறாமல் இன்னொரு செய்தியும் வரும். சேலம் மாவட்ட வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை. ஹைட்ரோஸ் மூட்டைகளும், கலப்படத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரையும் பறிமுதல். மறு ஆண்டும் அதே செய்தி வருகிறது.

சோதனை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுச் சோதனைக்குப் பிறகும் ஹைட்ரோஸ் கொப்பரைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றால், அதைப் பேராசை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. வெல்லம் காய்ச்சுபவரிடம் கேட்டால் பதில் நேராக வரும்: "கறுப்பா இருந்தா மண்டியில தொடமாட்டாங்க." அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களில் கரும்பு போடுபவர்கள், ஆலைக்கு வெட்டுவது கட்டுப்படியாகாத ஆண்டில் வெல்லம் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் இந்தப் பொருளைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது.

துணிக்கு வந்த மருந்து

ஹைட்ரோஸ் என்று சந்தையில் சொல்லப்படும் வெள்ளைத் தூளின் பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட். வேதியியல் நூல்களில் சோடியம் டைதயோனைட். இது உணவுக்காகத் தயாரிக்கப்படுவது அல்ல. அவுரி நீலம் போன்ற தொட்டிச் சாயங்களைத் தண்ணீரில் கரைப்பதற்கான பொருள். நீலச் சாயத்தோடு ஹைட்ரோஸ் சேர்த்தால் நீலம் மறைந்து மஞ்சள் கலந்த பச்சையாகக் கரையும். நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால் நீலம் திரும்பி வரும். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நிறம் அழியவில்லை, ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். இதை நினைவில் வையுங்கள், வெல்லத்திலும் இதேதான் நடக்கிறது.

நூற்பாலை ஊரான ராஜபாளையத்துக்கு வெளுப்பு புதிதல்ல. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணிக்குத் தும்பைப்பூ வெண்மை வேண்டும். பருத்தியை அப்படி வெளுக்க இன்று பெரிதும் பயன்படுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு, சல்பைட் ஆகிய இரண்டு குடும்பங்களும் நிறத்தை நீக்குபவைதான். ஆனால் வேலை செய்யும் விதம் நேர் எதிர்.

நிறம் தரும் மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறிச் சங்கிலி போல நிற்கும். சங்கிலி எங்காவது அறுந்தால் நிறம் போய்விடும். பெராக்சைடு தன்னிடம் கூடுதலாக இருக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து அறுக்கும். சல்பைட்டும் ஹைட்ரோசும் எதிரே இருப்பதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்தோ, எலெக்ட்ரானைத் திணித்தோ சங்கிலியை மாற்றும். கொடுத்து அறுத்தது பெரும்பாலும் மீளாது. சலவைத் துணி மறுபடி பழுப்பாக நாளாகும். பறித்து மறைத்தது காற்றுப் பட்டால் மீளும்.

பெராக்சைடு குடும்பத்தில் உழவருக்கு வேண்டியவையும் உண்டு. 1818-ல் பிரான்சில் லூயி ஜாக் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடை முதன்முதலில் தயாரித்தது பேரியம் பெராக்சைடு என்ற உலோகப் பெராக்சைடை அமிலத்தில் கரைத்துத்தான். அதன் உறவான கால்சியம் பெராக்சைடு, தண்ணீர் பட்டால் சுண்ணாம்பாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மெல்லப் பிரிந்து, பிறகு ஆக்சிஜனை விடும். சுத்தமான தூள் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் ஆக்சிஜன். ஜப்பானில் சேற்று வயலில் நேரடியாக விதைக்கும் நெல்லுக்கு இதைப் பூசி, தண்ணீருக்கடியில் மூச்சுத் திணறும் முளைக்கு உதவ வைத்தார்கள். இறால் குளத்துக்காரர்கள் ஆக்சிஜன் மாத்திரை என்று வாங்குவதிலும் இந்தக் குடும்பத்துச் சரக்கு உண்டு. நம் பக்கம் சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைப்பு நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஓட்டுகிறார்கள். வேலை முடிந்தால் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பெராக்சைடு கேனையும் ஹைட்ரோஸ் மூட்டையையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. ஒன்று கொடுக்கத் துடிப்பது, மற்றது பறிக்கத் துடிப்பது. இரண்டும் கலந்தால் எழும் சூடு தீயில் கொண்டுபோய் விடும்.

கொப்பரைக்குள் என்ன நடக்கிறது

கரும்புச் சாறு மூன்று வழியில் கறுக்கிறது. ஆலையில் பிழிந்த உடனே, கரும்பின் தோலிலும் கணுவிலும் உள்ள பீனால் பொருள்கள் காற்றோடு சேர்ந்து பழுப்பாகும். உருளையின் இரும்பு அதை இன்னும் கருமையாக்கும். கொப்பரையில் சூடு ஏறும்போது, சாற்றிலுள்ள அமினோ அமிலங்களும் குளுக்கோஸ், பிரக்டோஸ் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறம் தரும். வறுத்த காப்பிக்கொட்டைக்கும் தோசையின் முறுகலுக்கும் நிறமும் மணமும் தருகிற அதே வினை. கடைசியில் பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் தீ அதிகமானால் சர்க்கரையே கருகத் தொடங்கும்.

ஹைட்ரோஸ் இதில் இரண்டு வேலை செய்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட நிறத்தை நிறமற்ற வடிவத்துக்குத் தள்ளுகிறது. கூடவே, சூடான, லேசான புளிப்புள்ள சாற்றில் அதுவே உடைந்து சல்பைட்டாகவும் தயோசல்பேட்டாகவும் மாறுகிறது. அப்படிப் பிறக்கும் சல்பைட் சர்க்கரை மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு பழுப்பு வினையைத் தடுக்கிறது. ஆகவே காய்ச்சுபவரின் கண்ணுக்கு அது மந்திரம் போலத்தான் தெரியும். கைப்பிடித் தூளில் கொப்பரையே வெளிறிப்போகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பயிற்சி முகாம்களில் அடிக்கடி கேட்கப்படுவதுதான். "சர்க்கரை ஆலைக்காரன் கந்தகம் எரிச்சுத்தானே வெள்ளையாக்குறான், நாங்க செஞ்சா மட்டும் குத்தமா?" சர்க்கரை ஆலைகள் சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்ப்பது உண்மை. ஆனால் அங்கே நடப்பது வேறு. சுண்ணாம்பும் சல்பைட்டும் சேர்ந்து கால்சியம் சல்பைட் என்ற கரையாத படிவாகி, அழுக்கையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அதை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். பிறகு சர்க்கரையைப் படிகமாக்கி, சுழலும் எந்திரத்தில் போட்டுப் பாகைப் பிரித்துத் தள்ளுகிறார்கள். கரைந்து நின்ற மிச்சத்தில் பெரும்பகுதி கழிவுப் பாகோடு போய்விடும். வெல்லத்தில் இந்தப் பிரிக்கும் வேலையே இல்லை. அழுக்கு நுரையைத் தவிர, கொப்பரைக்குள் விழுந்தது எதுவோ அது ஆவியாகப் போக வேண்டும், இல்லையென்றால் அச்சுக்குள் உறைய வேண்டும். வெல்லத்தில் இரும்பும் தாதுக்களும் தங்குவது எந்தக் காரணத்தாலோ, சல்பைட் தங்குவதும் அதே காரணத்தால்தான்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஹைட்ரோஸ் அனுமதிக்கப்பட்ட உணவுச் சேர்க்கைப் பொருளே அல்ல என்பது தனி விஷயம். சுத்தமான ஹைட்ரோஸ் 100 கிராமில் உள்ள கந்தகம் முழுவதும் கந்தக டை ஆக்சைடாக மாறினால் சுமார் 73 கிராம் வரும். அப்படியென்றால் 100 கிலோ வெல்லம் இறங்கும் கொப்பரையில் 10 கிராம் போட்டு, அது முழுவதும் தங்கிவிட்டால் கிலோவுக்கு 73 மில்லி கிராம். வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது. 50 கிராம் போட்டால் 360-க்கும் மேல். நடைமுறையில் முழுவதும் தங்குவதில்லை. கொதியில் ஒரு பகுதி புகையாகப் போகும், ஒரு பகுதி காற்றோடு சேர்ந்து கேடில்லாத சல்பேட்டாகும். ஆனால் எவ்வளவு போகும், எவ்வளவு தங்கும் என்பது சாற்றின் புளிப்பு, தீ, எந்த நேரத்தில் தூவினார்கள் என்பதைப் பொறுத்தது. நிறம் போதவில்லை என்று பாகு இறக்கும் நேரத்தில் தூவினால் அதிகம் தங்கும். தராசு இல்லாமல் கையால் அள்ளிப் போடும் இடத்தில் 10 கிராம், 50 கிராம் என்ற வித்தியாசம் யாருக்குத் தெரியும்?

சாப்பிடுபவருக்கு என்ன ஆகும்? மிகைப்படுத்தவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த வல்லுநர் குழு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லி கிராம் வரை என்று சல்பைட்டுக்கு அளவு வகுத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 10.5 மில்லி கிராம். விதிக்குட்பட்ட வெல்லம் 50 கிராமில் 3.5 மில்லி கிராம்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. கிலோவுக்கு 360 மில்லி கிராம் உள்ள வெல்லம் என்றால் அதே 50 கிராமில் 18 மில்லி கிராம். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சல்பைட் மூச்சிறைப்பைக் கிளப்பிவிடும். அப்படி நடந்த சம்பவங்களுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் 1986-ல் பச்சையாக உண்ணும் காய்கனிகளில் சல்பைட் போடுவதைத் தடை செய்தார்கள். தவிர, சல்பைட் தயமின் என்ற பி-1 வைட்டமினை உடைக்கும்.

இதையெல்லாம் விட நேரடியான ஆபத்து கொப்பரை அருகே நிற்பவருக்கு. புகையாகப் போகிறது என்றேனே, அது முதலில் போவது துடுப்புப் போடுபவரின் மூக்குக்கு. கண் எரிச்சல், இருமல் என்று அவர்கள் சொல்வது அடுப்புப் புகையால் மட்டும் வருவதல்ல. இன்னொன்று, ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள். சரக்குப் போக்குவரத்து விதிகளில் அதைத் தானே பற்றிக்கொள்ளும் பொருள்களின் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். வெல்லக் கொட்டகையில் சுற்றிலும் இருப்பது காய்ந்த சக்கையும் தோகையும். மூட்டையின் வாயைக் கட்டாமல், ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்திருக்கும் கொட்டகைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மஞ்சள் எத்தனை நாள்?

வியாபாரக் கணக்குக்கு வருவோம். அவுரிச் சாயம் காற்றுப் பட்டு நீலம் திரும்புவது போல, ஹைட்ரோஸ் மறைத்த வெல்லத்தின் நிறமும் மெல்ல மெல்ல மீளும். சில வாரங்களில் மஞ்சள் மங்கும், திட்டுத் திட்டாகப் பழுப்பேறும். அதோடு, ஹைட்ரோஸ் உடையும்போது சாற்றின் புளிப்பு கூடுகிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் சுக்ரோஸ் இரண்டாகப் பிளந்து குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகும். இவை காற்றின் ஈரத்தை இழுப்பவை. அப்படிப்பட்ட வெல்லம் மழைமாதத்தில் வியர்க்கும், கசியும், அச்சு உடையும். கசிவைச் சமாளிக்க வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிறார்கள். ஒரு கலப்படம் அடுத்த கலப்படத்தைக் கூட்டி வருவது இப்படித்தான்.

ஏல நாளில் மஞ்சளாக இருந்தால் விற்பவருக்குப் போதும். நிறம் திரும்பும்போது சரக்கு மளிகைக் கடையில் இருக்கும். சங்கிலியில் கடைசியில் நிற்பவர் தலையில் நட்டம் விழும். அவர் அடுத்த முறை வெல்லமே வேண்டாம் என்பார். 2022 பொங்கலுக்கு அரசு கொடுத்த 21 பொருள் தொகுப்பில் இருந்த வெல்லம் உருகி வழிந்ததாகப் பல ஊர்களிலிருந்து புகார் எழுந்தது நினைவிருக்கும். அந்த வெல்லத்தில் ஹைட்ரோஸ் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஈரப்பதம் கூடினாலோ, பிளந்த சர்க்கரை மிகுந்தாலோ எந்த வெல்லமும் உருகும். ஆனால் பின்விளைவைப் பாருங்கள். 2023 பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு, 1,000 ரூபாய் ரொக்கம் என்று தொகுப்பு மாறியது. வெல்லம் அதில் இல்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்குப் போய்ச் சேரக்கூடிய ஒரு சந்தை, தரத்தின் மேல் சந்தேகம் விழுந்ததும் கைவிட்டுப் போனது.

பாலுக்கு உண்டு, வெல்லத்துக்கு இல்லை

வெல்ல வியாபாரத்துக்கு என்ன குறை என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரின் பால் சங்கங்களுக்குப் போனால் போதும். அந்த ஊர்ப் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் அடியில் இருப்பது காலையும் மாலையும் கேனோடு வரிசையில் நிற்கும் மாட்டுக்காரர்கள். பாலின் வெண்மையைப் பார்த்து யாரும் விலை போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று அளந்துதான் பணம்.

பாலிலும் திருட்டு வேலை இல்லாமல் இல்லை. கெடாமல் இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது அதில் ஒன்று. நம் நாட்டு விதிப்படி அது கூடாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் சேர்ந்த கரைசலில் சிறிது பாலை விட்டால், பெராக்சைடு இருந்தால் நீலம் எட்டிப் பார்க்கும். பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுத்து அயோடினை விடுவிக்கிறது; அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து நீலமாகிறது. கேன் திரும்பிப் போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் தவறு குறைகிறது.

இதே ஸ்டார்ச் நீலத்தை வைத்துச் சல்பைட்டையும் பிடிக்கலாம். இங்கே அயோடைடுக்குப் பதில் அயோடேட். பொட்டாசியம் அயோடேட்டும் ஸ்டார்ச்சும் தோய்த்த காகிதத்தை, நீர்த்த அமிலம் விட்டுச் சூடாக்கிய வெல்லக் கரைசலின் ஆவியில் காட்ட வேண்டும். கந்தக டை ஆக்சைடு எழுந்தால் அது அயோடேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து அயோடினை விடுவிக்கும், காகிதம் நீலமாகும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடியதுதான், அமிலத்தைக் கையாள ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தால் போதும். வாயு மிக அதிகமாக வந்தால் தோன்றிய நீலம் மறுபடி மறைந்துவிடும் என்பதால் காகிதத்தின் மேல் கண் இருக்க வேண்டும். இது "இருக்கிறதா" என்று சொல்லும், "எவ்வளவு" என்று சொல்லாது.

எவ்வளவு என்பதற்கு ஆய்வகம் வேண்டும். மோனியர் வில்லியம்ஸ் முறை என்று பெயர். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: இத்தனை நேரம் எதிரிகளாகப் பார்த்த இரண்டு குடும்பங்களும் அங்கே ஒரே குடுவையில் சந்திக்கின்றன. 50 கிராம் மாதிரியை அமிலத்தோடு கொதிக்கவைத்து, வெளிவரும் கந்தக டை ஆக்சைடை நைட்ரஜன் வாயுவால் தள்ளி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் விடுகிறார்கள். பெராக்சைடு கொடுக்க, சல்பைட் வாங்க, கந்தக அமிலம் பிறக்கிறது. அந்த அமிலத்தைக் காரத்தால் அளந்தால் கணக்குத் தெரிந்துவிடும். சட்ட வரம்பான 70 மில்லி கிராமில் நிற்கும் வெல்லம் என்றால், வழக்கமான நூற்றிலொரு நார்மல் காரம் சுமார் 11 மில்லி லிட்டர் செலவாகும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது. கண்ணாடிச் சாமான்களும் பொறுமையும்தான் வேண்டும்.

சட்டம் ஈரப்பதம், மொத்தச் சர்க்கரை, சாம்பல், கந்தக டை ஆக்சைடு என்று எண்களில் பேசுகிறது. மண்டி கண்ணால் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே கரும்பு விவசாயி நிற்கிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வெல்லம் ஏலத்துக்கு வரும் நாளில், சல்பைட் காகிதத்தில் தேறிய சிப்பங்களைத் தனி வரிசையில் வைத்து ஏலம் விட்டாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. பழனி பஞ்சாமிர்தத்துக்காகக் கோயில் நிர்வாகம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை வாங்குகிறது. இப்படி மொத்தமாக வாங்கும் கோயில்களும் விடுதிகளும் மிட்டாய்க்காரர்களும் "சல்பைட் அளவு என்ன?" என்று ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினால், நூறு சோதனைகள் செய்யாததை அது செய்யும்.

கறுப்பு வெல்லத்துக்கு விலை கிடைக்காது என்பதும் எல்லா இடத்திலும் உண்மையல்ல. உடுமலைப்பேட்டையைத் தாண்டி மலையேறினால் வரும் கேரளத்து மறையூரின் வெல்லம் கரும்பழுப்பு நிறம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே அந்தக் கருமைதான் அடையாளம். கருப்பட்டியை யாரும் மஞ்சளாகக் கேட்பதில்லையே!

வயலிலேயே நிறம் தொடங்குகிறது

ஒரே நாளில் வாங்குபவரின் கண் மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். மருந்தில்லாமல் ஓரளவு பொன்னிறம் கொண்டுவர முடியும். அதில் பாதி வேலை கொட்டகையில் அல்ல, வயலில்.

முதலில் தழைச்சத்து. தமிழ்நாட்டுப் பரிந்துரைப்படி ஆலைக் கரும்புக்கு எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து என்றால், வெல்லத்துக்கான கரும்புக்கு 225 கிலோதான். இந்த 50 கிலோ வித்தியாசம் சும்மா போட்டதல்ல. கூடுதல் யூரியா சாற்றில் அமினோ அமிலங்களாக வந்து நிற்கும். மேலே சொன்ன பழுப்பு வினைக்கு அதுதான் தீனி. நட்ட 90 நாளுக்குப் பிறகு யூரியா போட வேண்டாம். பச்சை பிடிக்கவில்லை என்று ஆறாம் மாதம் ஒரு கை தூவுபவர்கள், கொப்பரையில் கறுப்பையும் சேர்த்துத்தான் தூவுகிறார்கள்.

அடுத்து உப்பு. மலையடிவாரத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும் தோட்டத்துக்கும், கிழக்கே கரிசல் பக்கம் உவர்நீர் பாயும் தோட்டத்துக்கும் வெல்ல நிறத்தில் வித்தியாசம் தெரியும். குளோரைடும் சோடியமும் மிகுந்த சாறு நன்றாக உறையாது, நிறமும் மங்கும். அப்படிப்பட்ட நிலத்தில் சாம்பல்சத்தை மியூரேட்டாகக் கொடுப்பதைவிடச் சல்பேட் ஆப் பொட்டாஷாகக் கொடுப்பது நல்லது. சல்பைட் வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டுச் சல்பேட் போடச் சொல்கிறாரே என்று குழம்ப வேண்டாம். சல்பேட் என்பது ஆக்சிஜன் நிறைந்துவிட்ட வடிவம். அதற்குப் பறிக்கும் குணம் கிடையாது.

ரகத்தில் கோ.சி. 671 வெல்லத்துக்குப் பேர் போனது, கோ 86032-ம் நன்றாக வரும். முற்றிய கரும்பை வெட்டி, நுனிக் கணுக்களைத் தாராளமாகக் கழித்துவிடுங்கள். இளங்கணுவில் சுக்ரோஸ் குறைவு, பிளந்த சர்க்கரையும் பீனாலும் அதிகம். செவ்வழுகல் கண்ட கரும்பும் தண்டுப்புழு துளைத்த கரும்பும் கொப்பரைக்கு ஆகாது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும்.

கொட்டகையில் சுண்ணாம்புதான் முக்கியம், அதிலும் அளவுதான் முக்கியம். கரும்புச் சாறு இயல்பில் லேசான புளிப்பு. தெளிந்த சுண்ணாம்பு நீரால் பி.எச். 6.2, 6.4 அளவுக்கு உயர்த்தினால் அழுக்கு திரளும், சுக்ரோஸ் பிளப்பதும் குறையும். அதைத் தாண்டிக் காரமானால் பிளந்த சர்க்கரை சிதைந்து சாறு கறுத்துவிடும். சுண்ணாம்பைக் குறை சொல்பவர்கள் பலர் அளவு தாண்டிப் போட்டவர்கள்; பி.எச். காகிதம் ஒரு கட்டு வாங்கி வைத்தால் போதும். வெண்டைத் தண்டையோ வேரையோ இடித்துப் பிழிந்த வழவழப்புச் சாறு அழுக்கை நுரையாகத் திரட்டும். கொதி வேகம் பிடிப்பதற்கு முன்பே அந்த நுரையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கொதித்துக் கலந்துவிட்டால் பிறகு வராது. கடைசியில் தீயைக் குறையுங்கள். துருப்பிடித்த கொப்பரையை மாற்றுங்கள்.

இப்படிக் காய்ச்சினால் எலுமிச்சை மஞ்சள் வராது. பொன்பழுப்பு வரும், அது நாளானாலும் பெரிதாக மாறாது.

வெல்லத்துக்குச் சொன்னதில் ஒரு பகுதி தேங்காய்க்காரர்களுக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் பூஞ்சணம் வராமலிருக்க அறைக்குள் கந்தகம் எரித்துக் கொப்பரைத் தேங்காயை வெளுப்பதும் சல்பைட் வேலைதான். அங்கே பிரச்சினை நிறம் அல்ல, காயாத ஈரம். 2026 பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 12,027 ரூபாய்; ஈரம் கூடினால் கொள்முதல் மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கந்தகப் புகை அந்த ஈரத்தைக் குறைக்காது. சூரிய உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது, விசாரியுங்கள்.

வெல்லம் காய்ச்சி விற்பவர் சட்டத்தின் கண்ணில் உணவுப் பொருள் உற்பத்தியாளர். உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். தரம் குறைந்த பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. உடலுக்குக் கேடான பொருள் என்று ஆய்வகம் சொன்னால் சிறையும் உண்டு. கொட்டகையை வாடகைக்கு விட்டவர்கள், வந்து காய்ச்சிக் கொடுக்கும் குழு என்ன தூவுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பொங்கல் சரக்கை இறக்குமுன் இரண்டு மூன்று கொட்டகைகளின் மாதிரியைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு பங்காகும். மாதிரியை அச்சு வார்த்த அன்றே காற்றுப் புகாத பையில் போட்டு அனுப்ப வேண்டும். நாள் கடந்தால் சல்பைட் காற்றோடு சேர்ந்து சல்பேட்டாகி, அறிக்கையில் வரும் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.